கேள்வி – பதில்: ஜெனீவா மேசையில் ஏழை நாடுகளின் இடம்

சென்ற இதழில், ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வர்த்தக அமைப்பில் வளரும் நாடுகளின் நிலை என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததற்கு நான்கு வரிகளில் விடை சொல்லியிருந்தேன். அது போதாது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரி என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்று பாடநூலில் படித்தேன். உறுப்பினர்களில் பெரும்பாலானவை வளரும் நாடுகள். அப்படியிருக்க, பணக்கார நாடுகள்தான் முடிவெடுக்கின்றன என்று ஏன் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்ததும் சரி, கேள்விப்பட்டதும் சரி. இன்று அந்த அமைப்பில் 166 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகள். வாக்கெடுப்புக்கு விதி இருக்கிறது. ஆனால் வாக்கெடுப்பு நடப்பது மிக அரிது. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தாகி, அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்தம், முடிவுகளைக் கருத்தொருமிப்பால் எடுக்கச் சொல்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒப்பந்தத்தின் அடிக்குறிப்பு தரும் விளக்கத்தைக் கவனியுங்கள்: முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கும் எந்த உறுப்பினரும் முறைப்படி மறுப்புத் தெரிவிக்காவிட்டால், கருத்தொருமிப்பு ஏற்பட்டதாகக் கொள்ளப்படும். கூட்டத்துக்கு வராத நாடு இந்த விளக்கத்தின்படி சம்மதித்த நாடாகிவிடுகிறது. வந்திருந்தும் விவரம் புரியாமல் பேசாதிருந்த நாட்டின் கதியும் அதுவே.

யார் வராமல் போகிறார்கள்? ஜெனீவாவில் நிரந்தரத் தூதுக்குழு வைத்துக்கொள்ள வசதியில்லாத உறுப்பு நாடுகள் உண்டு. அவற்றின் அதிகாரிகளை வரவழைத்து நிலவரம் சொல்வதற்காகவே ‘ஜெனீவா வாரம்’ என்றொரு நிகழ்ச்சி நடத்தப்படுகிறது. தூதுக்குழு உள்ள சிறிய நாடுகளிலும் இரண்டு மூன்று அதிகாரிகளே இருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா. மனித உரிமை மன்றம் ஆகிய எல்லாவற்றையும் அவர்களேதான் கவனிக்க வேண்டும். ஒரே காலையில் ஓர் அறையில் வேளாண்மையும் இன்னோர் அறையில் சேவைத் துறையும் பேசப்படும்போது, அவர்களில் வர்த்தகத்தைக் கவனிக்க மிஞ்சும் ஒருவர் எந்த அறைக்குப் போவார்? அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இந்தத் தவிப்பு இல்லை.

இதற்கு மேல் ‘பச்சை அறை’ என்று ஒன்று இருக்கிறது. தலைமை இயக்குநரின் கூட்ட அறைக்கு வழங்கிய அந்தப் பெயர், முப்பது நாற்பது நாடுகளை மட்டும் அழைத்து நள்ளிரவு வரை பேசும் முறைக்கே பெயராகிவிட்டது. உள்ளே எழுதப்பட்ட வரைவு விடியற்காலையில் மற்றவர்கள் கைக்கு வரும். அதை மறுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் படித்து, தலைநகரைக் கேட்டு, தனியாக எழுந்து நின்று மறுக்கும் துணிவு பலருக்கு வராது. 1999இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கூடிய, உறுப்பு நாட்டு அமைச்சர்களின் மாநாட்டில் இப்படித் தங்களை ஒதுக்கிவைத்ததை ஆப்பிரிக்க அமைச்சர்கள் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். தெருவில் நடந்த போராட்டங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த மாநாடு முறிந்ததில் இந்த அமைச்சர்களின் மறுப்புக்கும் பங்குண்டு.

இதன் வேர் பழையது. 1947 அக்டோபரில், உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான ‘காட்’ ஒப்பந்தத்தை (வரி, வர்த்தகம் பற்றிய பொது ஒப்பந்தம்) முடித்த 23 தரப்புகளில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, பிரேசில், சிலி, கியூபா ஆகியவற்றோடு அப்போது விடுதலைகூடப் பெற்றிராத இலங்கையும் இருந்தது. ஆக, நாம் தொடக்கத்திலிருந்தே மேசையில் இருந்தவர்கள்தாம். ஆனால் ஒரு பொருளை அதிகமாக விற்கும் நாடும் அதிகமாக வாங்கும் நாடும் தமக்குள் பேரம் பேசி வரியைக் குறைத்துக்கொள்வதே அங்கு வழக்கமாக இருந்தது. எதையும் அதிகமாக விற்காத நாட்டுக்கு அந்தப் பேரத்தில் என்ன வேலை? ஏழை நாடுகளால் விற்க முடிந்த இரண்டு பொருள்களும், அதாவது வேளாண் விளைபொருளும் துணியும், விதிகளுக்கு வெளியே வைக்கப்பட்டன. 1955இல் அமெரிக்கா தன் வேளாண்மைக்கு விலக்குப் பெற்றது. துணிக்கு 1974இல் வந்த பல்லிழை ஒப்பந்தம் நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்தது. அந்த ஒதுக்கீட்டு முறையின் கடைசி மிச்சம் 2005 ஜனவரி முதல் நாளில்தான் நீங்கியது. அந்த அளவுக்கட்டுக்குள் ஏற்றுமதி செய்த திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: தோஹா மாநாட்டில் முரசொலி மாறன் இந்தியாவுக்காகப் போராடினார் என்று என் தந்தை அடிக்கடி சொல்வார். அங்கு அவர் உண்மையில் என்ன செய்தார்? அதனால் என்ன பயன் விளைந்தது?
– அரசு ஊழியர், சென்னை

பதில்: உங்கள் தந்தை சொன்னது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. அந்த வரலாறு தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1996 சிங்கப்பூர் மாநாட்டிலிருந்தே, அந்நிய முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, சரக்குப் போக்குவரத்தை எளிதாக்குதல் என்ற நான்கு விஷயங்களிலும் புதிய விதிகள் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் வற்புறுத்தி வந்தன. பழைய வாக்குறுதிகளை நிறைவேற்றாமல் புதிய சுமையை ஏற்றக் கூடாது என்பது வளரும் நாடுகளின் வாதம். 2001 நவம்பரில், நியூயார்க் தாக்குதல் நடந்து இரண்டே மாதங்கள் ஆன நிலையில் தோஹாவில் கூடியபோது, மாநாடு வெற்றி பெற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி எல்லோர் மீதும் இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளும் மிகவும் பின்தங்கிய நாடுகளும் அதற்குமுன் தம் கூட்டங்களில் இந்த நான்கையும் எதிர்த்திருந்தன. அவற்றில் பலவற்றுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துடனான சலுகை வர்த்தகம் தொடர ஒரு விதிவிலக்கும் அதே மாநாட்டில் தேவைப்பட்டது. அது கிடைத்தது, அவற்றின் எதிர்ப்பும் தளர்ந்தது. கடைசி நேரத்தில் உறுதியாக நின்ற பெரிய நாடு இந்தியா மட்டுமே. 13ஆம் தேதி முடிய வேண்டிய மாநாடு 14ஆம் தேதிக்கு நீண்டது.

வணிகம் மற்றும் தொழில் துறை அமைச்சராக இருந்த மாறன், இந்த நான்கிலும் பேச்சு தொடங்க ‘வெளிப்படையான கருத்தொருமிப்பு’ வேண்டும் என்ற வாசகத்துக்குத் தெளிவான பொருள் சொல்லாமல் ஒப்புக்கொள்ள மறுத்தார். இறுதியில், மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுஃப் ஹுசைன் கமால் ஒரு விளக்கத்தைப் பதிவு செய்தார்: பேச்சின் வழிமுறை குறித்துத் தாம் சம்மதிக்கும் வரை, பேச்சைத் தொடங்கவிடாமல் தடுக்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. முதல் பதிலில் நான் சொன்ன அடிக்குறிப்பை நினைத்துப் பாருங்கள். மௌனம் சம்மதமாகும் ஒரு சபையில், இந்த நான்கு விஷயங்களுக்கு மட்டும் மௌனம் சம்மதமாகாது என்று மாற்றியது அந்த விளக்கம்.

அதன் பயன் இரண்டாண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. 2003 செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூன் நகரில், ஆப்பிரிக்க நாடுகள் உள்ளிட்ட பலர் அந்த நான்கையும் ஏற்க மறுத்து மாநாட்டையே நிறுத்தினார்கள். 2004 ஆகஸ்ட் முதல் நாளில் மூன்று விஷயங்கள், தோஹாவில் தொடங்கிய பேச்சுச் சுற்றிலிருந்து நீக்கப்பட்டு, சரக்குப் போக்குவரத்து ஒன்றே மிஞ்சியது. கான்கூன் முடிந்த இரண்டு மாதத்தில், 2003 நவம்பரில், மாறன் காலமானார். தாம் காத்த ஒரு வாசகம் முழுப் பயனைத் தந்ததை அவர் காணவில்லை.

ஆனால் தோஹாவில் இந்தியா தனித்து நின்றது ஒரு பலவீனமும் ஆகும். தனித்து மறுப்பவரை முரண்டு பிடிப்பவர் என்று சித்திரிப்பது எளிது. கான்கூனில் பிரேசில், இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகள் ‘ஜி-20’ என்று (இன்று செய்திகளில் வரும் ஜி-20 வேறு) வேளாண்மைக்காகவே கூட்டணி அமைத்து, அமெரிக்காவும் ஐரோப்பாவும் தமக்குள் எழுதிக்கொண்ட வரைவுக்கு எதிராகத் தம் சொந்த வரைவை வைத்தன. இதில் பிரேசிலின் செல்சோ அமோரிம் முன்னின்றார். பிறர் எழுதியதை மறுப்பதோடு நில்லாமல், தாமே எழுதிக் கொண்டுவந்ததுதான் அங்கே நேர்ந்த பெரிய மாற்றம் என்று நான் கருதுகிறேன். தலைநகரில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இல்லாமல் அது நடக்காது.

கேள்வி: எங்கள் நூற்பாலைக்குச் சில சமயம் மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி வரும். அந்த நாடுகள் அமெரிக்க மானியத்தை எதிர்த்துப் போராடியதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு நியாயம் கிடைத்ததா?
– ஆலைப் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: கிடைக்கவில்லை. இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து என்னை மிகவும் வருத்தும் நிகழ்ச்சி இதுதான்.

பெனின், புர்கினா ஃபாஸோ, சாட், மாலி ஆகிய நான்கும் பருத்தி ஏற்றுமதியை நம்பியவை. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்கு அப்போது ஆண்டுக்குச் சராசரியாக 300 கோடி டாலர் அளவில் ஆதரவு கொடுத்தது. அந்த ஆதரவால் கூடுதலாக விளைந்த பருத்தி உலகச் சந்தைக்கு வந்து விலையை இறக்கியது. 2003 ஜூன் 10 அன்று புர்கினா ஃபாஸோவின் அதிபர் பிளேஸ் கொம்பவோரே தாமே ஜெனீவாவுக்கு வந்து பேசினார். அவர்கள் உதவித்தொகை கேட்கவில்லை. மானியத்தை நிறுத்துங்கள், அதுவரை நட்டத்துக்கு ஈடு கொடுங்கள் என்றார்கள். கான்கூனில் அவர்களுக்குக் கிடைத்த வரைவு, மானியத்தைக் குறைக்க எந்தக் காலக்கெடுவும் சொல்லாமல், பருத்தியை விட்டு வேறு தொழில்களுக்கு மாற அந்நாடுகளுக்கு உதவலாம் என்று சொன்னது! பருத்தியைத் தரமாகவும் மலிவாகவும் விளைவிக்கத் தெரிந்தவர்களுக்கு வந்த பதில் அது.

இதே காலத்தில் பிரேசில் வேறு வழியில் போனது. 2002இல் அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்து, 2005இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா திருத்தத் தயங்கியபோது, 2009இல் பதிலடி நடவடிக்கைக்கு அனுமதியும் பெற்றது. அமெரிக்கக் காப்புரிமைகளில் கை வைப்பேன் என்று பிரேசில் சொன்ன பிறகே வாஷிங்டன் அசைந்தது. 2010இல் ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலின் பருத்தித் துறைக்குத் தர ஒப்புக்கொண்டு, 2014இல் 30 கோடி டாலருடன் வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாகச் சேர்ந்து தம் நிலையை எடுத்துரைத்தன. பணத்தில் அவற்றுக்குப் பங்கில்லை.

பிரேசிலைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வழக்கு இல்லாவிட்டால் மானியத்தின் தீங்கு சட்டப்படி நிறுவப்பட்டிருக்காது. ஆனால் வழக்காடப் பணம், பொருளியல் கணக்குப் போட வல்லுநர், பதிலடி கொடுக்கப் பெரிய சந்தை ஆகிய மூன்றும் உள்ள நாட்டுக்கே வெற்றி காசாக மாறியது என்பதை மறைக்கவும் முடியாது.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி அரசு நெல் கொள்முதல் செய்யக் கூடாது என்கிறார்கள். இது உண்மையா?
– நெல் விவசாயி, மன்னார்குடி

பதில்: ஐயா, கொள்முதலுக்குத் தடை இல்லை. ஆனால் ஆதரவு விலை கொடுத்து வாங்கினால், அந்த விலைக்கும் ஒரு குறிப்பு விலைக்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்கிடப்படும். வளரும் நாடுகளுக்கு அது அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சிக்கல் அந்தக் குறிப்பு விலையில் இருக்கிறது. அது 1986 முதல் 1988 வரையிலான விலையில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அன்றைய விலையை வைத்து இன்றைய கொள்முதலை அளந்தால், உரம், டீசல், கூலி உயர்வுக்காகக் கொடுத்த விலையும் மானியமாகவே தெரியும். உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய ‘உருகுவே சுற்று’ப் பேச்சில், நம் பத்திரிகைகள் ‘டங்கல் திட்டம்’ என்று எழுதிய அந்த வரைவு 1991 டிசம்பரில் வந்தபோது, காப்புரிமை பற்றி நாட்டில் பெரும் விவாதம் நடந்தது. இந்தச் சூத்திரம் அந்த அளவுக்கு யார் கண்ணிலும் படவில்லை. முன்னரே கணக்குப் போட்டுப் பார்க்காததற்கு இன்றுவரை விலை கொடுக்கிறோம்.

2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், அதே ஆண்டு டிசம்பரில் பாலி மாநாட்டில் இந்தியா இதை எழுப்பியது. நிரந்தரத் தீர்வு காணும் வரை, அப்போது நடப்பிலிருந்த திட்டங்கள் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்ற தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. அது நான்கு ஆண்டுகளில் காலாவதியாகிவிடுமோ என்ற ஐயம் எழுந்தபோது, 2014 ஜூலையில், நிர்மலா சீதாராமன் வணிகத் துறையைக் கவனித்த காலத்தில், முன்பு சொன்ன நான்கில் மிஞ்சிய சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தத்துக்கு இந்தியா இசைவு தர மறுத்தது. அந்த நவம்பரில், நிரந்தரத் தீர்வு வரும்வரை பாதுகாப்பு தொடரும் என்று பொதுக்குழு முடிவு செய்தது. 2018-19இல் அரிசிக்கான ஆதரவு 10 விழுக்காட்டைத் தாண்டியபோது இந்தியா இந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்தியும் இருக்கிறது. 2017க்குள் வரும் என்ற நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

இதில் நாம் கேட்க விரும்பாத குரலையும் கேட்க வேண்டும். கொள்முதல் செய்த அரிசி உலகச் சந்தைக்கு வந்து தம் விவசாயிகளின் விலையைக் கெடுக்கிறது என்று தாய்லாந்து போன்ற வளரும் நாடுகளே குறை சொல்கின்றன. உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு என்ற முறையில், அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லும் கடமை இந்தியாவுக்கு இருக்கிறது.

கேள்வி: மீன்பிடி மானியத்தை நிறுத்தும் ஒப்பந்தம் எங்களைப் பாதிக்குமா?
– மீனவர், நாகப்பட்டினம்

பதில்: 2022 ஜூனில் ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துபோன மீன்வளத்தைப் பிடிப்பதற்கும், எந்த அமைப்பின் மேலாண்மையிலும் இல்லாத ஆழ்கடலில் பிடிப்பதற்கும் கொடுக்கும் மானியங்களையே தடுக்கிறது. டீசல் மானியம் போன்றவற்றைத் தொடக்கூடிய இரண்டாம் பகுதி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. தொலைதூரக் கடலில் பெருங்கப்பல்களை ஓட்டும் நாடுகள் முதலில் குறைக்க வேண்டும், வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்கிறது. இந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். உங்கள் சங்கங்களிடம் படகு, டீசல், பிடிப்பு பற்றிய கணக்குகள் இருந்தால், டெல்லிக்கு அவை போய்ச் சேர வேண்டிய காலம் இதுவே.

கேள்வி: இலங்கை போன்ற சிறிய நாடு இந்த அமைப்பில் இருப்பதால் என்ன பயன்? பெரிய நாட்டின் மீது வழக்குப் போட்டால் வெல்ல முடியுமா?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: இலங்கை வழக்குப் போட்டும் இருக்கிறது. தேங்காய்த் துருவலுக்கும் தேங்காய்ப்பால் மாவுக்கும் பிரேசில் விதித்த வரியை எதிர்த்து 1996 பிப்ரவரியில், வழக்கின் முதல் படியான கலந்தாய்வைக் கோரியது. பிரேசிலின் தேங்காய்த் துருவல் வரியை எதிர்த்து பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கு விசாரணைவரை சென்று, அந்த வரி விசாரணை உலக வர்த்தக அமைப்பு தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்தது என்பதால், புதிய விதிகள் அதற்குப் பொருந்தாது என்று 1997இல் தள்ளப்பட்டது. இலங்கையின் வழக்கு கலந்தாய்வைத் தாண்டவில்லை.

வெல்ல முடியுமா என்றால், முடியும். ஒரு லட்சம் பேர் அளவே மக்கள்தொகை கொண்ட கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா, இணையச் சூதாட்டச் சேவைக்கு அமெரிக்கா விதித்த தடையை எதிர்த்து 2003இல் வழக்குத் தொடுத்து 2005இல் வென்றது. அமெரிக்கா தீர்ப்பை நிறைவேற்றாததால், ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளை மதிக்காதிருக்க 2007இல் அனுமதியும் பெற்றது. ஆனால் சுற்றுலாவை நம்பியிருக்கும் அந்தத் தீவு அந்த உரிமையை இதுவரை கையாளவில்லை. தீர்ப்பு கையில் இருக்கிறது, நிவாரணம் வரவில்லை. இப்படிப்பட்ட நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வழக்காட, ஜெனீவாவில் 2001 முதல் ஒரு சட்ட ஆலோசனை மையம் இயங்குகிறது. உலக வர்த்தக அமைப்பிலிருந்து தனித்து நிற்கும் அம்மையம், இந்தத் துறையில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்த மிக உருப்படியான உதவி என்பேன்.

இப்போதைய ஆபத்து வேறு. ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதியவர்களை நியமிக்க அமெரிக்கா இசையாததால், 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால், விசாரிக்க யாரும் இல்லாமல் தீர்ப்பு அப்படியே தொங்கி நிற்கும். வருத்தத்தோடு சொல்கிறேன்: கரும்பு, சர்க்கரை ஆதரவுக்கு எதிராக பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா ஆகியவை வென்ற வழக்கில், இந்தியாவும் 2022 ஜனவரியில் இதையே செய்தது. பிரேசிலும் சீனாவும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து 2020இல் உருவாக்கிய இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டில் இந்தியா இல்லை. பெரிய நாடுகளுக்கு இந்த முடக்கம் வசதியாக இருக்கலாம். இலங்கை நாளை ஒரு வழக்கில் வென்றால், எதிர்த்தரப்பும் அந்த ஏற்பாட்டில் இருந்தால்தான் மேல்முறையீட்டை விசாரிக்க ஆள் இருக்கும். அதில் சேர்வதா என்பதைக் கொழும்பும் டெல்லியும் தனித்தனியாகவாவது ஆராய வேண்டும். சேர்வதே நல்லது என்பது என் கருத்து.